உனக்காக நான் போட்ட ‘இல்லை’

அண்ணா,

இன்று காலை பரிசோதனை அறைக் கதவைத் திறந்ததும் அந்தப் பசை வாசம் முகத்தில் அடித்தது. மூளை அலையைப் பதிவு செய்யத் தலையில் தடவுவோமே, அந்த வெள்ளைப் பசை. வருடக்கணக்காகத் தினமும் மோந்த வாசம்தான். இன்று உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளியே பெஞ்சில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று காலேஜ் ஹாஸ்டலிலிருந்து அவளே போன் செய்தாள். “அத்தை, நாலு நாளா தூக்கமே இல்ல. பக்கத்து ரூம்ல எல்லாரும் என்னப் பத்தியே பேசறாங்க.” பரீட்சை நேரம், எந்தப் பிள்ளைக்கும் வரும் என்று ஊருக்குச் சொல்லும் சமாதானத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் காலையிலேயே கிளம்பி வா என்றேன்.

மனநோய் வந்தவர்களின் மூளை ஒலியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் வேண்டும். அவர்கள் லேசில் கிடைக்க மாட்டார்கள். சொந்தபந்தத்தை எல்லாம் கெஞ்சி இழுத்து வருவோம். சில வருடம் முன்பு அப்படித்தான் உன்னையும் கூப்பிட்டேன்; நீ ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, பேக்டரி யூனிஃபார்மோடு மாநில எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் வந்தாய். கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டியதும், “வெட்டற ஆட்டுக்கு மாலை போட்ட மாதிரி இருக்குது பாப்பா” என்றாய்.

படிவத்தில் ஒரு கேள்வி: பக்கத்தில் ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா?  “மிஷின் ஓடறப்ப...” என்று இழுத்தாய். நான் சிரித்தேன். “போதும்ணா, உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே” என்று நானே ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன். நீயும் சிரித்துவிட்டாய். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் அதே கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக் காத்திருந்தவள் நான். சொந்த அண்ணனிடம் அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

உன் மூளை அலை, நோயுள்ளவர்களுக்கு வருவதுபோல, கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. தூக்கம் கெட்ட உடம்பு என்று ஒதுக்கினேன். ஒருவரின் அலையை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் உன் வாயிலேயே பதில் இருந்ததே. அதற்கு நான் என்ன சாக்குச் சொல்ல?

ஒரு வருடம் கழித்து அண்ணி அழுதுகொண்டு கூட்டி வந்தபோதுதான் முழுதாகச் சொன்னாய். “கன்னடத்துல திட்டறாங்க பாப்பா. தமிழ்ல மெரட்டறாங்க.” மருந்து தொடங்கினோம். தேறிக்கொண்டுதான் வந்தாய். பிறகு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாய். யாரோ துரத்துவதாக நெடுஞ்சாலையின் குறுக்கே ஓடினாய்; உயிரோடு திரும்பவில்லை. லாரிக்காரர் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு யார் மேல் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. அதனால் உன் மகளை உடன் வேலை செய்யும் டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டு வெளியே நிற்க நினைத்தேன். அவள் விடவில்லை. “நீங்களும் கூட இருங்க அத்தை” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. என் கையும்தான்.

டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். உன் மகள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். உன் நோய் இவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். இத்தனை நடந்த பிறகும், அவளுக்குப் பதிலாக ‘இல்லை’ என்று சொல்லிவிட வாயைத் திறந்துவிட்டேன் அண்ணா. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“கேக்குது அத்தை” என்றாள்.

“என்னம்மா சொல்றாங்க?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் திக்கித் திணறிச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.  பயம் இன்னும் போகவில்லை அண்ணா. அதையும் மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.