நிலவறைப் பூட்டு

மனை எண் 14,
பைன் ஹாலோ டிரெய்லர் குடியிருப்பு,
வடக்கு அலபாமா.
மார்ச் 9

தம்பி டாரலுக்கு,

அப்பாவை அடக்கம் செய்த அன்றே உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். நடந்து வந்து உன் அலுவலகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுழல்காற்று சைரன் ஊதியதும் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் நிலவறைக்கு ஓடினோம். கதவில் உன் பூட்டு. தலையில் ஆலங்கட்டி மழை. ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு ஓபல், "உன் தம்பி எங்கடி?" என்று என்னைத்தான் கேட்டாள். நீ ஊருக்குள் மீன் வறுவல் கடையில் உட்கார்ந்திருந்தாயாம். அபாயம் நீங்கிய பிறகு சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து, "என்ன, எல்லாருக்கும் ஞானஸ்நானம் ஆயிடுச்சா?" என்றாய். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அஸ்திவாரம் இல்லாத டிரெய்லர் வீட்டை இரும்புப் பட்டையால் எத்தனை இறுக்கிக் கட்டினாலும் சுழல்காற்று புரட்டிவிடும். அதனால்தான் அப்பா நிலவறை தோண்டினார். உன் புல்வெட்டும் வண்டியை நிறுத்துவதற்காக அல்ல. பூட்டை எடு.

நெல்டா

*

அலுவலகம்
மார்ச் 12

நெல்டாவுக்கு,

போன கோடையில் பொடியன்கள் உள்ளே பீர் குடித்து மெத்தையைக் கொளுத்தினார்களே, அப்போது உன் அக்கறை எங்கே போயிருந்தது? அதற்குத்தான் பூட்டு.

இங்கே வசந்தம் முழுக்க சைரன் ஊதும். எத்தனை முறை காற்று வந்தது? தூரத்தில் இடி உறுமினாலே நீ சுழல்காற்றுக்குப் பயந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குளியல் தொட்டியில் உட்காருகிறவள். அது உன் வியாதி, அதை ஊருக்கெல்லாம் ஒட்டவைக்காதே.

உன் கோபம் பூட்டின் மேல் இல்லை. அப்பா குடியிருப்பை என் பெயருக்கு எழுதிவிட்டார், அதன் மேல். சைரன் ஊதினால் நான் வந்து திறப்பேன். அது போதும்.

டாரல்

*

ஏப்ரல் 2

டாரல்,

உயில் விஷயத்தில் எனக்கு எரிச்சல்தான். மறைக்கவில்லை. அதற்கும் ஓபலின் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நீ வந்து திறப்பாய் என்று நாங்கள் காத்திருக்கப்போவதில்லை. வானம் கறுத்ததுமே பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிவிட வேண்டும், மருந்தெல்லாம் ஒரே பையில், வானிலை ரேடியோ எப்போதும் ஓடவேண்டும், யார் யாரைத் தூக்குவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு சபை முடிந்து எல்லோரும் ஒத்திகை பார்த்தோம். உன் மனைவி கார்லீன் ஜன்னலில் நின்று கையசைத்தாள். நீ திரையை இழுத்துவிட்டாய்.

பூட்டு வெட்டும் கத்தரி ஒன்று வாங்கியிருக்கிறேன். பிறகு திருட்டு என்று சொல்லாதே. முன்னதாகவே சொல்லிவிட்டேன்.

நெல்டா

*

ஏப்ரல் 4

நெல்டாவுக்கு,

பூட்டில் கை வைத்தால் மாத முடிவுக்குள் மனையைக் காலி செய்ய வேண்டும். ஷெரிப்பிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவள் என்று பார்க்கமாட்டேன்.

டாரல்

*

ஏப்ரல் 29

நெல்டாவுக்கு,

நீ சபைக் கூடத்தில் தங்கியிருப்பதாகக் கார்லீன் சொன்னாள். உன் வீடு மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடக்கிறது. என் அலுவலகத்தில் தரை மட்டும் மிச்சம். சாவிக் கொத்தும் போய்விட்டது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய் மதியம் நான் லாரியில் திரும்பும்போதே சுழல்காற்று சோளக் கொல்லையைக் கடந்துவிட்டது. நிலவறைக்கு ஓடிவந்தேன். வெட்டின பூட்டு தரையில் கிடந்தது, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளேயிருந்து, "தொறக்காத, அவன் வெளியிலயே கெடக்கட்டும்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கதவு உடனே திறக்கவில்லை.

பிறகு நீதான் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாய். ஓபலின் காலில் போய் விழுந்தேன். எனக்கு வாயில் வந்தது, "பூட்ட வெட்டிட்டியா?" நீ, "வாய மூடிட்டுத் தலையக் குனி" என்றாய். மூன்று வருஷத்தில் நாம் பேசியது அவ்வளவுதான்.

மண்டியிட்டு நன்றி சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதே. கதவில் இனிப் பூட்டு இருக்காது. காலி செய்யச் சொன்னதையும் மறந்துவிடு. உன் மனை அப்படியே இருக்கும், வேறு வீடு கொண்டுவந்து நிறுத்திக்கொள். ஆனால் அந்தக் குரல் உன்னுடையதா? அதை மட்டும் சொல். தூக்கம் வரவில்லை.

டாரல்

*

மெதடிஸ்ட் சபைக் கூடம்
மே 6

டாரல்,

குரல் என்னுடையது அல்ல. யாருடையது என்றும் சொல்லமாட்டேன். மடியில் குழந்தையை அமுக்கிப் பிடித்திருந்தவள், பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். பிள்ளைகளோடு ஆலங்கட்டி மழையில் அவளை நிற்கவைத்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. நீ கண்டுபிடித்தால் அவளை வெளியேற்றுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

கதவு தாமதமானதற்குக் காரணம் காற்று. கதவை அது வெளியே உறிஞ்சியதில் தாழ்ப்பாள் இறுகிவிட்டது. கார்லீனும் நானும் சேர்ந்துதான் நகர்த்தினோம். அவள் விரலில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தும் நீ கேட்கவில்லை போலிருக்கிறது.

தட்டுவது நீ என்று தெரிந்துதான் திறந்தேன். வேறு யார் தட்டியிருந்தாலும் அதே வேகத்தில்தான் திறந்திருப்பேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, தேடாதே. மனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறாய். கதவு திறந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். உன் உயிருக்கு மட்டும்தான் அப்படி வெளுத்தது. மார்ச்சில் நாங்கள் வாசலில் நின்றபோது அது வெளுக்கவில்லை.

ஹன்ட்ஸ்வில்லில் ஒரு வீடு பார்த்துவிட்டேன். சனிக்கிழமை போகிறேன். மனையை வேறு யாருக்காவது கொடு.

புது முகவரியைத் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண், "உங்க தம்பி கேட்டா குடுக்கலாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நெல்டா