மாரிமுத்துவின் கையில் இருந்த கயிறு

என் அன்பு மாரிமுத்து,

நீ போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. உன் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்பது துணுக்காய் ஊர் முழுக்கத் தெரியும். அதற்காக இதைக் கேளாமல் முகத்தைத் திருப்பாதே. உனக்குச் சொல்ல வேண்டியதை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பங்குனியில் நான் காசிக்குப் போனேன். "தனியப் போகாதேங்கோ அப்பா" என்று மகள் மூன்று தரம் சொன்னாள். அதனாலேயே தனியப் போனேன். அங்கிருந்து ரிஷிகேசம் போனபோது, மலை விளிம்பில் ஆட்களைக் கயிற்றில் கட்டிக் கீழே குதிக்கவிடும் இடமொன்றைக் கண்டேன். பஞ்சி ஜம்பிங் என்கிறார்கள். நாங்கள் வெட்டின கிணறுகளில் ஏழெட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தப் பள்ளத்துக்குக் காணாது.

ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன விசர் என்று கேட்பாய். கிணற்றுக்குள் விழுந்த நாளுக்குப் பிறகு நான் கயிற்றில் தொங்கவில்லை. கை முறிந்ததால் என்று ஊருக்குச் சொன்னேன். கைதான் காரணமோ பயம்தான் காரணமோ என்று, என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் பார்க்க நினைத்தேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் சென்னைப் பிள்ளை ஒருத்தி நின்றாள்.

"அங்கிள், இது கோயில் க்யூ இல்ல. தெரியும்ல?"

"தெரியும் பிள்ளை. நான் கயித்தில இறங்கிக் கிணறு வெட்டினவன்."

"அப்ப நீங்களே முன்னாடி போங்க. கயிறு நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வளையாத இடக்கையை முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு, என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்ற பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். "மேல ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன். அவள் ஹிந்தியில் விசாரித்துச் சிரித்தாள். "யாரும் பிடிக்க மாட்டாங்களாம் அங்கிள். இரும்புல கட்டியிருக்காம்." எனக்கு நிம்மதியாக இருந்தது. மனிசன் பிடிக்காத கயிறுதான் நம்பக்கூடிய கயிறு என்று நினைத்தேன். யாரை நினைத்து அப்படி நினைத்தேன் என்று உனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர் முடிந்து ஊரில் மீளக் குடியேறிய காலத்தில் நீயும் நானும் சேர்ந்து கிணறு வெட்டினோம். நான் உள்ளே, நீ மேலே. அன்றுவரை தென்னந்தும்புக் கயிறு. அன்றுதான் முதல் தரம் புது நைலோன் கயிறு. ஒரு நுனி என் இடுப்பில்; மற்ற நுனியைப் பாலை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நீ பிடித்திருந்தாய். பாதி ஏறிவரும்போது எனக்குக் கால் வழுக்கியது. விழுந்தேன். பிடிக்க வேண்டிய இடத்தில் கயிறு பிடிக்கவில்லை. முழங்கை கல்லில் அடிபட்டு நொறுங்கிய பிறகுதான் பிடித்தது. "விட்டிட்டான், மாரி விட்டிட்டான்" என்று உள்ளே தொங்கியபடியே கத்தினேன்.

பிறகு ஊர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நீ எழும்பி நின்றாய். "சத்தியமா விடல அண்ணே. ரெண்டு சுத்தும் மரத்துல அப்பிடியே இருந்துச்சு. புதுக் கயிறு, இழுபட்டுருச்சு."

"இழுபட அது என்ன ரப்பரோ?" என்றேன். சபை சிரித்தது. அதோடு நிற்காமல், உன் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்ததைச் சேர்த்து ஒரு இழிசொல்லும் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு மரத்தைப் போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை. உன்னை ஒருவரும் கிணற்று வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியே நீ முடிந்தாய்.

ரிஷிகேசத்தில் பலகை நுனியில் நின்றேன். எண்ணினார்கள். விழுந்தேன். இப்போது பிடிக்கும், இப்போது பிடிக்கும் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. சந்தேகம் இல்லை மாரி, தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கயிறு மெல்ல இறுகி என்னை மேலே தூக்கியது.

நான் மேலே திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளை போனை நீட்டினாள். நான் குதித்ததைப் படம் பிடித்திருந்தாள். சின்னதாய், தூரத்தில், என் குரல் கேட்டது: "விட்டிட்டான்."

"யாரு அங்கிள் விட்டுட்டா?"

"ஒருத்தரும் விடேல்ல பிள்ளை" என்றேன். சொல்லிவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். தலைசுற்று என்று நினைத்துத் தண்ணீர் தந்தாள்.

ஆனாலும் நான் லேசில் விடுகிறவன் இல்லை. அது ரப்பர், இது நைலோன் என்று வழி நெடுக எனக்குள்ளே வழக்காடினேன். ஊருக்கு வந்ததும் மல்லாவியில் அதே தடிப்பில் புது நைலோன் கயிறு வாங்கி, மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கட்டி, என் நிறைக்கு மணல்மூட்டை தொடுத்துக் கிணற்றுக்குள் விழவிட்டேன். மருமகன் அளந்தான். ஐந்தடி இழுபட்டது. சுற்று ஒரு விரல்கூட நழுவவில்லை. ஒரு பின்னேரத்து வேலை. இதை அன்றே ஏன் செய்யவில்லை?

எனக்கும் உன்னில் கோபம் இருக்கிறது. ஒரேயொரு தரம் மறுத்தாய். பிறகு சந்தையில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டாய். ஏன் இறங்கினாய்? என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் நான் மரத்தைப் போய்ப் பார்த்திருப்பேனா, உன்னை அடித்திருப்பேனா? எனக்கே தெரியவில்லை.

நேற்று உன் மனிசியிடம் போனேன். அவா கதிரை போட்டு இருக்கச் சொன்னா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு தெனமும் சொன்னதுதானே அண்ணே. எங்களுக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றா. தேத்தண்ணி தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வாற சங்கக் கூட்டத்தில் எழும்பி நிற்பேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். தர வேண்டியவன் இல்லாத இடத்தில் அதைக் கேட்பது லேசான வேலை. மாரிமுத்து கயிற்றை விடவில்லை, பொய்ப்பழி போட்டது நான் என்று மட்டும் சொல்வேன். சிரிப்பார்கள் என்றால், சிரித்து முடியும்வரை நின்று இன்னொரு தரம் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ 'அண்ணே' என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காத உன் அண்ணன்,
செல்லத்துரை
மல்லாவி