ஒரே ஃபைலுக்குள்ள எல்லாக் கருவியும்

என்னங்க, சாமி புண்ணியத்துல நான் நல்லாயிருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?

இங்க நடந்த அநியாயத்தைக் கேளுங்க. ஒர்க்‌ஷாப்ல நான் பாத்துக்கிற கருவி ரூம் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபைல் போட்டு, எப்போ சோதிக்கணும்னு எழுதி, ஒரு ஃபோல்டர்ல வச்சிருந்தேன்ல? கம்ப்யூட்டர் பாக்குற தம்பி வந்து, "அக்கா, எல்லாத்தையும் ஒரே டேட்டாபேஸ் ஃபைல்ல போட்டாத்தான் சட்டுனு தேடலாம். பழசை அழிச்சிடுங்க"ன்னான். "அது ஒண்ணு கெட்டா எல்லாம் போயிடுமேப்பா"ன்னேன். சிரிச்சான்!

நேத்து கரண்ட் போச்சு. வந்து பாத்தா அந்த ஃபைல் திறக்கவே இல்ல. மேனேஜர் என்னைப் பாத்து, "எதைத் தட்டித் தொலைச்சீங்க?"ங்கிறார். எனக்கு வந்துச்சே கோவம்! அழிக்காம வச்சிருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். இன்ஜின் தூக்குற சங்கிலியைச் சோதிக்க வேண்டிய நாள் போன வாரமே தாண்டியிருக்கு! இன்ஜினை அதுல தொங்கவிட்டு அடியில படுக்கப் போன மெக்கானிக்கைக் கையப் புடிச்சு இழுத்தேன். பயப்படாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. மேனேஜரும் அந்தத் தம்பியும் எங்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டாங்களா? ம்ஹும்!

ஆமா, நம்ம வீட்டுப் போட்டோ எல்லாம் என் போன் ஒண்ணுலதான் கிடக்கு. எல்லாத்தையும் உங்க போனுக்கு அனுப்பிடறேன். பிரிண்ட் போட்டு அனுப்புங்க. மணி அடிச்சிட்டாங்க, ஓடணும். எல்லாரும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்ணு போதும்னு விட்றாதீங்க. பிள்ளைங்க படத்தைத் தனித்தனியா அனுப்புங்க. உங்க படத்தையும் தனியா.