கொத்தனார் வருவதற்குள்

ஜனவரி 6, திங்கள்

வேலிக்கு அந்தப் பக்கம் அரசாளும் என் அருமை மருமகளுக்கு,

இந்தப் பக்கம் நானும் ஐந்து கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். நீ பேச மாட்டேன் என்றதால் இதைத் துணிக் கிளிப்பில் மாட்டி வேலிக் கம்பியில் தொங்கவிடுகிறேன்.

ராத்திரிக் குளிரில் கோழிகளின் தண்ணீர்ச் சட்டி உறைந்து பாறையாகிவிட்டது. உளி வைத்து உடைத்தேன். உள்ளே ஒரு கப்பல் சிக்கியிருந்தாலும் வியந்திருக்க மாட்டேன். பெரிய கோழி குண்டம்மா இறகைச் சிலிர்த்து உப்பியதில் கூண்டுக் கதவையே அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. முட்டையோ தலைக்கு இரண்டு! வைக்க வீட்டில் இடமில்லை.

உன் வாசலில் செங்கல் இறங்குகிற சத்தம் கேட்டதே. யாருக்கு மாளிகை?

இப்படிக்கு,
கோழிப் பேரரசன்

ஜனவரி 7, செவ்வாய்

மாமாவுக்கு,

மாளிகை இல்லை, சுவர். சனிக்கிழமை கொத்தனார் வருகிறார். நீங்கள் நுழைந்து வருகிற வேலிச் சந்து அடைபடப் போகிறது. இனி உங்களுக்கு டீ தெருவைச் சுற்றித்தான் வரும். வந்தால்.

அந்த முட்டைக்கோஸ் நாற்றுகளை இந்தக் குளிரில் தினமும் சாக்குப் போட்டு மூடி, காலையில் திறந்து, குழந்தை மாதிரி வளர்த்தேன். உங்கள் படை ஒரே காலையில் தின்று தீர்த்தது. அதுகூடப் பரவாயில்லை. நான் அழுதுகொண்டு நிற்கிறேன், நீங்கள் "உன் கோஸ் கொடுத்துவைச்சது, குண்டம்மா வயித்துக்கே போயிடுச்சு"ன்னு சிரிக்கிறீங்க.

தலைக்கு இரண்டு முட்டையாம். பொய்க்கும் ஓர் அளவு வேண்டும்.

மருமகள்

ஜனவரி 8, புதன்

கல்நெஞ்சக்கார மருமகளே,

நேற்று கோழிகளின் அவசர மாநாடு கூடியது. தலைமை குண்டம்மா. சுவர் எழும்பினால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று ஒருமனதாகத் தீர்மானம். நான் தவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போனதும் தீர்மானம் கலைந்தது.

ஆனாலும் யோசி. இந்தச் சுவர் எழுந்தால் சூரியன்கூட என் வீட்டுக்கு வழி கேட்டுத்தான் வரவேண்டும்.

பாதிப் பேரரசன்

ஜனவரி 10, வெள்ளி

அம்மா,

குண்டம்மாவைக் காணோம். நேற்றுச் சாயங்காலம் கூண்டை அடைக்கும்போது நாலுதான் இருந்தது. தெரு முழுக்கத் தேடிவிட்டேன். நல்ல குளிர்.

எந்தக் கோழியும் முட்டை இடவில்லை. இட்டு ரொம்ப நாளாகிறது.

நாற்று போனபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

மாமா

அதே வெள்ளி, கொஞ்ச நேரம் கழித்து

மாட்சிமை தாங்கிய கோழிப் பேரரசருக்கு, எதிரி நாட்டிலிருந்து அவசர ஓலை!

பொய்யே இல்லாத உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். சாக்கையெல்லாம் உதறினேன், செடியெல்லாம் விலக்கினேன். கடைசியில் என் எருக்குழியைப் பார்த்தால், ஆவி பறக்கிற மக்கிய எருவுக்கு நடுவில் பள்ளம் பறித்து, வைக்கோலை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் குண்டம்மா! ஊரே நடுங்குகிறது, அவளுக்கு மட்டும் வெந்நீர்க் குளியல். தூக்கப் போனேன், கொத்தினாள் பாருங்கள், ஐந்து விரல் போயிருக்கும். நல்லவேளை, என்னிடம் பத்து இருந்தது.

அவளுக்கு அடியில் ஒரு முட்டை! பூசணிக்காய் அளவு! தூக்க நாலு ஆள் வேண்டும். நாளைக்குச் சொல்லும்போது ஆறு ஆளாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து அளவெடுக்க வந்த கொத்தனார் சிரித்துச் சிரித்து, "சுவரு எங்கேம்மா கட்டணும்?" என்றார். "எருக்குழியைச் சுத்திக் கட்டுங்க, குண்டம்மா குளிருக்கு அங்கேயே இருக்கட்டும். வேலிச் சந்துக்கு ஒரு கதவு போதும். மத்த கோழி நுழையக் கூடாது, எங்க மாமா நுழையணும்" என்றேன். "கோழிகூடச் சொன்னாக் கேட்கும்மா" என்கிறார்!

தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கும். இனி நாற்றுக்குச் சாக்குப் போடுவது உங்கள் வேலை.

நேரில் திட்ட வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது. டீ ஆறுகிறது. தெருவைச் சுற்றி வராதீர்கள்.

உங்கள் வாயாடி