பேசிக்கிட்டே வாங்க

12 ஜூன் 2005, ஞாயிறு

மாலை பைக்கில் மூன்று பேரும் உப்பளப் பக்கம் போனோம். தமிழ்நிலா டேங்க் மேல், நான் பின்னால். வாரம் முழுக்க மாட்டுத்தீவன ஆர்டர் எடுக்க ஊர் ஊராகச் சுற்றுகிற மனுஷன், லீவு நாளிலும் இவருக்கு வண்டிதான் வேண்டும். "சும்மா வேடிக்கை பாத்துட்டு வரலாம் அமரா" என்பார். எனக்கும் பிடிக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். வெயில் சாயும் நேரம் பாத்திகளில் தண்ணீர் ஒரு பக்கம் சாம்பலாகவும் ஒரு பக்கம் ரோஜா நிறமாகவும் கிடந்தது. வாரிய உப்பு வரப்போரம் வரிசையாக.

வளைவுக்கு முன்னால் வண்டி மெல்ல இடது பக்கம் போனது. தார் ரோட்டை விட்டுச் சரளையில் இறங்கிவிட்டது. தமிழ்நிலாதான் "அப்பா, ரோடு" என்றாள். கொஞ்சம் கழித்து ஹேண்டிலை நேராக்கினார்.

"என்னங்க?"

"கொக்குக் கூட்டத்தப் பாத்துட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். கொக்கு எதுவும் இல்லை. பறந்து போயிருக்கும்.

13 ஜூன்

பறந்து போயிருக்குமா?

19 ஜூன், ஞாயிறு

பெருமுக்கல். மலை ஏறிக் கோயில் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே வயல், ஏரி, பனை, தூரத்தில் கடல் இருக்கும் இடத்தில் ஒரு வெளுப்பு. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இவருடைய விரல்கள் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தன. திருகும், விடும், திருகும். உதடு எதையோ மெல்லுவது போல அசைந்தது.

தோளைத் தொட்டேன். விழித்தார்.

"எவ்ளோ நல்லா இருக்குது பாரு" என்றார். நான் கேட்ட எதுவும் அவர் காதில் விழவில்லை.

இறங்கும்போது வண்டியை யார் ஓட்டுவது? அவர்தான் ஓட்டினார். வீடு வரை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

22 ஜூன்

இன்று காலை காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அதே பித்தான், அதே உதடு. எதிரில் இருந்தது சமையலறைச் சுவர். சுவரில் என்ன வேடிக்கை?

இத்தனை நாள் எதை ரசனை என்று நினைத்திருந்தேன் நான்.

8 ஜூலை

கெஞ்சிக் கூத்தாடி பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார்: "வலிப்புன்னா கை கால் இழுத்துக்கணும்னு இல்லம்மா. இப்படிக் கொஞ்ச நேரம் நினைவு போய்ட்டு வர்றதும் அதுதான். மாத்திரை ஒரு நாளும் விடக்கூடாது. வண்டி ஓட்டவே கூடாது."

"எவ்ளோ நாளைக்கு?" என்று இவர் கேட்டார்.

"இது வராம ரொம்ப நாள் இருக்கணும். அப்புறம் பாக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

11 ஜூலை

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "மாத்திரைதான் போடுறேன் இல்ல? வேலைக்குப் போக வேணாமா?" என்றார். சாவியை ஒளித்து வைத்திருக்க வேண்டும். ஒளித்தால் மட்டும்? நான் அவருக்குப் பொண்டாட்டியா, போலீஸ்காரியா?

19 ஜூலை

சாயங்காலம் தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்கிறேன். நம்முடையது இல்லை. நம்முடையது இல்லை. இது நம்முடையது.

2 ஆகஸ்ட்

எழுதிடணும்.

ஸ்கூல்ல மூணாம் வகுப்புக்குக் கணக்கு போட்டுட்டிருந்தேன். உப்பளத்து ஆள் ஒருத்தர் சைக்கிள்ல வந்து "டீச்சர், உங்க வூட்டுக்காரர்" அப்படின்னு மட்டும் சொன்னார். மேல எதுவும் எனக்குக் கேக்கல. அந்த சைக்கிள் கேரியர்லயே உக்காந்து போனேன்.

பைக் பாத்திக்குள்ள கிடந்தது. சக்கரம் பாதி சேத்துல. இவர் வரப்புல உக்காந்திருந்தார். முழங்கால், முழங்கை எல்லாம் தோல் உரிஞ்சு, உப்புத் தண்ணி பட்டு எரிச்சல் தாங்காம பல்லைக் கடிச்சிட்டு. உப்பு வார்ற தனகோடி, தான் குடிக்க வெச்சிருந்த தண்ணியைக் காயத்து மேல ஊத்திட்டிருந்தாங்க.

"வண்டி நேரா எறங்குச்சும்மா. பிரேக்கு கூட புடிக்கல. நாங்க கத்துறோம், அண்ணன் எங்கள பாக்குற மாதிரிதான் இருக்குது, ஆனா பாக்கல. இன்னாம்மா அது?"

என்னன்னு சொல்றது? வலிப்புன்னு சொன்னேன். முதல் தடவையா அடுத்தவங்ககிட்ட வாய் விட்டுச் சொன்னேன். இவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தா கருங்கல். எதிர்ல மணல் லாரி வந்திருந்தா… ஞாயித்துக்கிழமையா இருந்தா தமிழ்நிலா டேங்க் மேல.

போதும்.

4 ஆகஸ்ட்

கட்டு மாற்றும்போது அவராகவே பேசினார்.

"பயமா இருக்குது அமரா. வர்றதே தெரிய மாட்டேங்குது. ரோடு இருக்குது, அப்புறம் பாத்தா வேற எடத்துல இருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

"வண்டிய வித்துடலாங்க."

"வித்துடு. ஆனா அப்புறம் நான் எங்க போவேன்? கம்பெனி, வீடு, கம்பெனி. அந்த ரெண்டு தெருவ எத்தினி நாளு பாக்கறது?"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்: "நான் ஓட்டறேன். கத்துக் குடுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

14 ஆகஸ்ட், ஞாயிறு

ஸ்கூல் மைதானம். சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். கிளட்சை விட்டதும் வண்டி குதித்து நின்றது. மறுபடி. மறுபடி. கெண்டைக்காலை சைலன்சரில் சுட்டுக்கொண்டேன். இவர் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே கூட ஓடி வருகிறார். "மெதுவா விடு, மெதுவா, வாழப்பழத்த உரிக்கிற மாதிரி." ஒரு முழுச் சுற்று வந்தேன்.

தீவனக் கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட்டாராம். இனி வெளி வேலை இல்லை, கோடவுனில் உட்கார்ந்து சரக்கு பார்க்க வேண்டும். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

9 செப்டம்பர்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டு, "டீச்சரே பைக் ஓட்டினா பேரண்ட்ஸ் என்ன நினைப்பாங்க?" என்றார். "பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடுவேன்னு நினைப்பாங்க மேடம்" என்றேன்.

24 நவம்பர்

விடாத மழை. லீவு. தமிழ்நிலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை. கூப்பிட்டேன். "என்னம்மா?" என்று திரும்பினாள்.

அவளை எத்தனை தடவை இப்படிக் கூப்பிட்டுப் பார்த்திருப்பேன் இந்த மழையில்?

1 ஜனவரி 2006, ஞாயிறு

லைசென்ஸ் கையில் இருக்கிறது. மாத்திரையில் இவருக்கு இப்போது எப்போதாவதுதான் வருகிறது. இன்று முதல் தடவையாக இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உப்பளச் சாலைக்குப் போனேன். குழந்தையையும் ஏற்றும் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போதே பயம். முதுகுக்குப் பின்னால் நினைவு போனால் எனக்கு எப்படித் தெரியும்?

"நீங்க பேசிக்கிட்டே வாங்க. பேச்சு நின்னா வண்டிய நிறுத்திடுவேன்."

"என்னத்தப் பேசறது?"

"கண்ணுல படறதச் சொல்லுங்க."

முதலில் கூச்சப்பட்டார். பிறகு தொடங்கினார்: மழையில் பாத்தியெல்லாம் ஒன்றாகிவிட்டது, வரப்பே தெரியவில்லை. போன வருஷத்து உப்பைக் கீற்று போட்டு மூடியிருக்கிறார்கள், ஓரம் கரைந்து வழிகிறது. அதோ பூநாரை, பத்து இருபது இருக்கும், ஒன்று மட்டும் ஒற்றைக் காலில். நாய் ஒன்று அதைப் பிடிக்கப் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் எதையும் பார்க்கவில்லை. குழி, மேடு, எதிரே வரும் லாரி, அவ்வளவுதான் எனக்கு.

நடுவில் பேச்சு நின்றது. பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"தும்மக்கூட விட மாட்டியா?" என்றார்.

12 மார்ச், ஞாயிறு

பெருமுக்கல் போய்த் திரும்பும் வழி, நாங்கள் இரண்டு பேர் மட்டும். இவர் பேசிக்கொண்டே வந்தார். "அந்தப் பனையில ஒருத்தன் ஏறி…" அதோடு நின்றுவிட்டது.

"என்னங்க."

பதில் இல்லை. இடுப்பில் இருந்த கை தளர்ந்தது. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், கிளட்சுக்குக் கை இல்லை, வண்டி குலுங்கி ஓரத்தில் அணைந்து நின்றது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். அவர் பாரம் முழுக்க என் முதுகில். விரல்கள் என் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. இறங்கினால் விழுந்துவிடுவார், திரும்பவும் முடியாது. முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் வழி.

என்ன செய்வதென்று தெரியாமல் பேச ஆரம்பித்தேன்.

"ஏரிகிட்ட நிக்கறோங்க. தண்ணி வத்திப்போச்சு, நடுவுலதான் இருக்குது. சுத்தி மண்ணு வெடிச்சிருக்குது. கரையில ஒருத்தர் எருமை ஓட்டிட்டு வர்றார். எல்லாம் ஏறிடுச்சு, ஒண்ணு மட்டும் வர மாட்டேங்குது. தண்ணிக்குள்ள தலைய மட்டும் நீட்டிட்டு நிக்குது. அவர் கத்துறார், அது திரும்பிக்கூடப் பாக்கல. மேல வானம் நல்லா செவந்திருக்குது…"

சொல்லிக்கொண்டே இருந்தேன். விரல்கள் நின்றன. முதுகில் பாரம் குறைந்தது.

"இப்ப வந்துச்சு இல்ல?" என்று அவராகவே கேட்டார்.

"ஆமாங்க."

"பயந்துட்டியா?"

"ஆமா."

கையை மறுபடி என் இடுப்பில் வைத்தார். நான் வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்த எருமை வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

அது கரை ஏறும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.