மூன்று கொதி கண்ட காளான்

செப்டம்பர் 2, 2003

மழை விட்டதும் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. காட்டு முகப்பில் நிற்கிற மஞ்சள் எச்சரிக்கைப் பலகையில் பக்கத்து வீட்டு பான்த்தேலி தன் சட்டையைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறான். பலகையால் ஆன பயன் அவ்வளவுதான். "அணு உலை வெடிச்சுப் பதினேழு வருஷம் ஆச்சு யாத்விகா. கதிர்வீச்சுக்கே இந்நேரம் பல்லு விழுந்திருக்கும்" என்கிறான்.

என் புருஷன் ரிஹோர் இரண்டு கூடைக் காளானை மேசையில் கொட்டினான். கூடவே ஒரு பாட்டில் ஓட்கா. உடம்புக்குள் போன கதிர்வீச்சை ஓட்கா கழுவிவிடுமாம். அப்படிப் பார்த்தால் இந்த ஊரிலேயே சுத்தமான உடம்பு அவனுடையதுதான்.

செப்டம்பர் 5

உணவில் கதிர்வீச்சை அளக்கிற பரிசோதனை நிலையத்து ஸோயா சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். காளானை உப்புத் தண்ணீரில் ஊறவை, கொதிக்கவை, தண்ணீரைக் கொட்டு. மறுபடி கொதிக்கவை, மறுபடி கொட்டு. மூன்று கொதி. விஷத்தில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும். ஊரில் இதை ஒழுங்காகச் செய்கிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ருசி போய்விடுமாம். சாகட்டும், ருசியாகவே சாகட்டும்.

என் மகள் தாசியாவுக்கு ஒன்பது வயது. எத்தனை கொதி கண்டாலும் அவளுக்குக் காளான் கிடையாது. பால்தான். வசந்தத்தில் நானே ஸோயாவிடம் கொண்டுபோய்ச் சோதித்த பால், சொட்டு விஷம் கிடையாது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு..."

"வாயைத் திறந்தா பால்தான் ஊத்துவேன்."

ஊற்றவும் செய்தேன்.

கொதித்த தண்ணீரை வாளியில் எடுத்துப் போவது ரிஹோரின் வேலை. அவன் வாளியோடு வாசலைத் தாண்டினாலே எங்கள் மாடு மால்வா தொழுவத்திலிருந்து கத்துகிறது. அவன்மேல் அதற்கு அப்படி ஒரு காதல். எதைக் கண்டு மயங்கியதோ, பாவம்.

செப்டம்பர் 19

வீடு முழுக்கக் காளான் வாடை. ரிஹோர் 'மருந்து' சாப்பிட்டுவிட்டுக் கூரை ஏறப் போனான். ஏணியின் இரண்டாவது படியிலேயே மருந்து வேலை செய்துவிட்டது. கூரை பிழைத்தது.

அக்டோபர் 8

பள்ளிக்குக் கதிர்வீச்சு அளக்கிற நாற்காலி வந்தது. பிள்ளையை உட்காரவைத்தால் உடம்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்று முதுகுப் பக்கத்து இயந்திரம் சொல்லிவிடும். வகுப்பிலேயே அதிகம் தாசியாவுக்குத்தான். காளானை வாணலியோடு தின்கிற பான்த்தேலியின் மகனுக்குக்கூட அவளைவிடக் குறைவு!

ஸோயா என்னைத் தனியே கூப்பிட்டாள். "வளர்ற உடம்பு, யாத்விகா. இப்ப வலி எதுவும் தெரியாது. பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா வரலாம், வராமலும் போகலாம். அந்தச் சூதாட்டம் நமக்கெதுக்கு? வீட்டுல எது வழியா உள்ள போகுதுன்னு பாரு."

எது வழியாக? அந்தக் குடிகாரன் வழியாகத்தான்! வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாம எத்தனை தட்டு காளான் குடுத்த? சொல்லு!" மகள் தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான். குடுக்கலன்னா எப்படி ஏறும்? காத்துல பறந்து வந்துச்சா? யாரை ஏமாத்துறான்? பாட்டிலைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். குளியல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். நல்லது.

அக்டோபர் 9

தூங்குகிற பிள்ளையின் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரி. அது என்ன சத்தம் போட்டுக்கொண்டா இருக்கும்?

அக்டோபர் 13

உருளைக்கிழங்கு, பழக்கூழ், பால் மூன்றையும் ஸோயாவிடம் கொண்டுபோனேன். பாலை எதற்கு எடுத்துப்போனேன் என்றே தெரியவில்லை. பாராட்டு வாங்கத்தான் இருக்கும்.

கிழங்கு சரி. பழக்கூழ் பரவாயில்லை. பால் எல்லையை மூன்று மடங்கு தாண்டியிருந்தது.

"வசந்தத்துல சுத்தமா இருந்துச்சே!"

"அது வசந்தம். உன் மாடு எங்க மேயுது?"

"ஊர் மாடெல்லாம் மேயற இடத்துலதான்."

"ஊர்ப் பாலெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் மாடு தனியா என்ன குடிக்குது?"

தண்ணீர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சன்னலைத் திறந்தால், ரிஹோர் வாளியோடு போகிறான், மால்வா கத்துகிறது. தொட்டியில் ஊற்றுகிறான். அது மூக்கு முங்கக் குடிக்கிறது. ஓடினேன்.

"உப்புத் தண்ணிடி. எவ்வளவு ஆசையாக் குடிக்குது பாரு. வீணாத் தரையில கொட்டச் சொல்றியா?"

யாரைத் திட்டுவது? இத்தனை வாரமும் இதே சன்னலில் நின்று இதே கூத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான்தானே? காளானிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து என் பிள்ளைக்கு. ரிஹோர் வாளியில் ஊற்றினான், நான் டம்ளரில் ஊற்றினேன். அவள் வேண்டாம் என்று அழுத அன்று மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அய்யோ, இந்தக் கையால்தான்.

சொன்னதும் அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அன்று மருந்து சாப்பிடவில்லை.

அக்டோபர் 14

பாலை நிறுத்தினால் உடம்பு தானே வெளியேற்றிவிடும், பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் இறங்கும் என்கிறாள் ஸோயா. அதுவரை கடைப் பால். ரிஹோர் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டினான். காளானை விட முடியாது, தண்ணீரையாவது புதைப்போம் என்கிற வீரம்.

பான்த்தேலி வேலிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "நாங்க நேராத் தின்னோம். நீங்க படிச்சவங்க, மாட்டுக்குள்ள வடிகட்டிக் குடிச்சீங்க." செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

டிசம்பர் 18

நாற்காலி மறுபடி வந்தது. தாசியாவுக்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பான்த்தேலியின் மகனுக்கு ஏறியிருக்கிறது. பான்த்தேலியே சாயங்காலம் வந்து, தொப்பியைக் கையில் பிசைந்தபடி, மூன்று கொதி எப்படிப் போடுவது என்று கேட்டான். தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதை முதலில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மால்வாவின் பாலும் சுத்தமாகிவிட்டதாம். டம்ளரில் ஊற்றி வைத்தேன். தாசியா பக்கத்தில் வந்து, ஒரு கையால் தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, மறு கையை டம்ளருக்கு நீட்டினாள்.

"வேண்டாம்னா வேண்டாம், கண்ணு" என்றேன்.

எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.