சலதாரையில் நழுவிய மன்னர் மோதிரம்

நன்மை பெருகுக. இரு நதிகளுக்கும் ஒரு குடையாய் நின்று மருதவரை நாடு புரக்கும் பேரெயினித் தேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகன் கண்டன் மாதேவன் எழுதுவது. வடகரை நாட்டுத் தலைவரும், கரைகாத்த கோமான் என்னும் பட்டம் பெற்றவருமாகிய அத்தியூர் மழவராயர் கண்டு தெளிக. உம் கழனிகளில் நீர் குறையாதிருக்கவும், உம் மன்றத்தில் வழக்குக் குறைந்திருக்கவும், உம் மக்கள் மனம் கோணாதிருக்கவும் தேவியார் வாழ்த்துகிறார்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தேவியாரின் தந்தையாராகிய மறைந்த பெருமன்னர் நெடுஞ்சேயோனாரின் முத்திரை மோதிரம் உடைபடவே இல்லை என்று சந்தையில் பேச்சு அடிபடுவதாகவும், அதனால் விடுதலை பெற்று வீடு போன தோணித்துறைச் சேந்தனை மறுபடி பிடித்து விலங்கிட்டிருப்பதாகவும், அவன் தலையை என்றைக்கு எடுப்பது என்றும் கேட்டிருந்தீர். பேச்சு உண்மைதான். ஆனால் அரண்மனையைக் கேளாமல் சந்தையைக் கேட்டு விலங்கிட்ட உம் அவசரம் தேவியாருக்குப் பிடிக்கவில்லை; எனக்கும் பிடிக்கவில்லை.

நம் நாட்டு வழக்கம் உமக்குத் தெரியாததன்று. ஆயினும் இவ்வோலை மன்றத்தில் படிக்கப்படும்போது இளையோரும் கேட்பர் ஆதலால் சொல்லி வைக்கிறேன். மன்னர் மறைந்தால் அவர் மோதிரத்தை முத்திரைக் காவலர் தம் விரலில் அணிந்துகொள்ள வேண்டும். ஈமக்கடன் முடியும் நாளில் அதைச் சுடலைக் கல்லில் வைத்து உடைக்க வேண்டும். அந்த அடியோடு மன்னர் இட்டு நிறைவேறாமல் நின்ற கட்டளைகளும் இறந்துபோகும், மன்னரும் தம் வழி போவார். நாள் தவறினாலோ, மோதிரம் இட்ட கடைசிக் கட்டளை முடியும்வரை அதை உடைக்கலாகாது. அதுவரை மன்னரும் இந்த இடத்தை விட்டுப் போக முடியாது.

சேந்தன் செய்ததையும் உம் நாடே அறியும். பெருவெள்ளத்தில் தன் ஊர் மூழ்காதிருக்க அரச ஏரியின் கரையை வெட்டினான். ஊர் பிழைத்தது, ஏரிநீர் லாயத்தில் புகுந்து மன்னரின் குதிரைகள் மாண்டன. மன்னர் அந்தக் குதிரைகளைப் பெயர் சொல்லி அழைப்பவர். அழுதுகொண்டே கொலைத்தண்டனை ஓலைக்கு முத்திரை வைத்தார். ஓலை வடகரை சேருமுன் நெஞ்சுச் சளி முற்றி, இருமி இருமியே மறைந்தார்; துக்கத்தால் தண்டனை நின்றது.

மோதிரம் முத்திரைக் காவலர் ஆதன் பெருநாகரின் விரலுக்கு வந்தது. பெருநாகர் அஞ்சி நடப்பவர். அரக்குச் சூட்டில் விரல் காய்த்துப் போனவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அரண்மனையே நம்பியிருந்தது. துக்க நாள் முழுதும் காவலர் கஞ்சி மட்டுமே குடிக்க வேண்டும் என்பது விதி. கஞ்சியில் விரல் மெலிந்தது, மோதிரம் ஆடத் தொடங்கியது. வேறு எந்த மோதிரமாயினும் நூல் சுற்றி இறுக்கிக்கொள்ளலாம். இந்த மோதிரத்தில் நூல் சுற்றினால் மன்னரையே கட்டிப்போட்டதாகும் என்று நம்மவர் கருதுவர். ஆகவே அவர் கைவிரலை மடக்கிக்கொண்டே உண்டார், உறங்கினார், யாரேனும் வணங்கினால் கைமுட்டியை உயர்த்தி வாழ்த்தினார். மூடிய கையோடு நடமாடிய அவரைப் பார்த்து வெற்றிலை ஏந்தும் அடைப்பைக்காரர்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

அரண்மனைக் கழிப்பிடத்தின் அமைப்பு நீர் அறிந்ததே. கல்துளைக்குக் கீழே சலதாரை, மேலே நீர்த்தொட்டி, மடைப்பலகையைத் தூக்கினால் நீர் பாய்ந்து அனைத்தையும் மதிலுக்கு வெளியே கசடுக் குழிக்கு அடித்துப் போகும். ஈமக்கடனுக்கு முந்தின நாள் காலை, பெருநாகர் பலகையைத் தூக்கக் கையை விரித்தார். மற்ற நாளெல்லாம் இடக்கையால் தூக்கியவர் அன்று ஏன் வலக்கையை நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. மோதிரம் கல்லில் பட்டு ஒலித்தது. நீர் அதைக் கொண்டுபோயிற்று. தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வழுவழுப்பான கல்தான் கைக்குக் கிடைத்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

உடனே வந்து சொல்லியிருக்கலாம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். ஆனால் மன்னரின் மோதிரம் எங்கே போயிற்று என்பதை எந்த வாயால் சொல்வது என்று அவர் நாக்கு எழவில்லை. முத்திரை பழகும் எழுத்தர்களுக்காகக் கண்ணாடிக் கல் பதித்த நகல் மோதிரம் ஒன்று இருந்தது. மறுநாள் அதை அணிந்து சுடலைக்கு வந்தார். ஒரே அடியில் கல் பொடியாயிற்று. உண்மையான கல் அவ்வளவு எளிதில் போகாது என்பது அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்கே தெரியும். சங்கு ஊதினார்கள், தேவியாருக்கு முடி சூட்டினார்கள், சேந்தன் விலங்கு கழன்று வீடு போனான்.

அதன்பின் பெருநாகர் சலதாரையில் இருமல் கேட்டார். முதலில் நீர் பாயும்போது மட்டும் கேட்டது. மன்னர் இருமும் முறை நமக்குத் தெரியும். இழுத்து ஒன்று, அடக்கி ஒன்று, பிறகு முத்திரைக்குக் கை நீட்டுவார். அதே இருமல் தளக்கல்லுக்கு அடியில் எழுந்து, அவர் நடந்தால் கூட நடந்தது, நின்றால் நின்றது. கழிப்பிடம் போவதை விட்டு வயல்வெளிக்குப் போகத் தொடங்கினார். அங்கே வாய்க்காலில் கேட்டது. பருகக் குவளையில் நீர் வார்த்தாலும் கேட்டது. மனைவியிடம், உனக்குக் கேட்கிறதா என்று வினவ, உமக்குத்தான் வயதாகிறது என்று அம்மையார் கஷாயம் வைத்துக் கொடுத்தாராம். கஷாயத்தை வடிக்கும்போதும் இருமல் கேட்டதாம்.

தமக்கு மட்டுமே கேட்கிறது என்ற ஒன்றே அவருக்கு ஆறுதலாய் இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. தேவியார் ஒருநாள் நீராட்டறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து, அப்பா ஏன் இன்னும் இருமுகிறார் என்று அவையில் கேட்டார். குழந்தை கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். பெருநாகர் அந்த இடத்திலேயே விழுந்து அனைத்தையும் சொன்னார்.

கசடுக் குழியில் வேறு எவரையும் இறக்கலாகாது என்று தேவியார் தடுத்துவிட்டார். தவறியவர் கையே தேட வேண்டும் என்றார். மடை அடைக்கப்பட்டது, பெருநாகர் கூடையோடு குழியில் இறங்கினார். சேற்றை அள்ளி அலசி, அள்ளி அலசி, தோல் வெந்து, வாந்தி எடுத்து, மறுபடி இறங்கி, கடைசியில் சலதாரை வாய்க்கல்லின் இடுக்கிலிருந்து எடுத்தார். மோதிரத்தில் ஒரு கீறலும் இல்லை. கழுவித் தட்டில் வைத்தபோது அது சூடாக இருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன்.

வழக்கறிந்த பெரியோர் கூடி முடிவு சொன்னார்கள். நாள் தவறிவிட்டது, மோதிரம் உயிரோடிருக்கிறது, அது இட்ட கட்டளைகளில் நிறைவேறாதது சேந்தன் தலை ஒன்றே, அது விழுந்தால்தான் மோதிரம் உடையும், மன்னர் போவார் என்றார்கள். பெருநாகர் தம் தலையை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். ஓலையில் உள்ள பெயர் உமதன்று என்று மறுத்துவிட்டார்கள். தளத்துக்கடியில் இருமல் கேட்டது. அன்று அவையிலிருந்த எல்லாருமே கேட்டோம்.

பிறகு தேவியார் சொன்னதாவது: மோதிரம் உயிரோடிருப்பது மெய்யானால் அதன் கட்டளை இன்றும் செல்லும். முந்திய கட்டளையைப் பிந்திய கட்டளை மாற்றும். சேந்தன் வாழ்க என்று அதே மோதிரத்தால் எழுதுக என்றார். பெரியோர் திகைத்தனர். வாழ்க என்னும் கட்டளை அவன் வாழும்வரை முடியாத கட்டளை. அதுவரை மன்னரும் போக முடியாதே என்று நான் எடுத்துச் சொன்னேன். தெரியும் என்றார். அந்த ஒரு சொல்லில் துயரம் எவ்வளவு, தந்தையை விட மனமில்லாத ஆசை எவ்வளவு என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

ஆகவே மழவராயர் செய்யத்தக்கன: இவ்வோலை கண்ட கணமே சேந்தன் விலங்கைக் கழற்றுக. கழற்றுவது ஓலை கொண்டுவரும் பெருநாகரின் கையாய் இருக்க. அவனுக்கு நல்ல மருத்துவர் ஒருவரை அமர்த்துக. அவன் தோணி பழுதாயின் புதிது செய்து தருக. அவன் மேல் வெயிலும் பகையும் படாமல் உம் கண்போல் காக்க. சேந்தன் நூறாண்டு வாழ வேண்டும் என்பது தேவியாரின் வாழ்த்து. அதை அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

எழுதியது கண்டன் மாதேவன்; முத்திரை விழுந்தபின் சேர்த்த வரிகள் இவை. அரக்கு உருக்கி மறைந்த மன்னரின் மோதிரத்தைப் பதித்தது தேவியாரின் திருக்கை. பதித்தபோது காலடியில் எழுந்த இருமலில் விளக்குகள் ஆடின, எழுத்தர்கள் எழுந்து நின்றனர். தேவியாரின் கை மட்டும் அரக்கு இறுகும்வரை அசையவில்லை. பிறகு குனிந்து, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இது கட்டளை. நிற்க.